டிக்கித் தரைக்கு அடியில் ஒரு சப்வூஃபர்: அளவெடுப்பு முதல் ஸ்டெப்னி வரை

காரின் டிக்கியில் ஒலிப்பெட்டி ஒன்றை வைத்துவிட்டு, ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் அதைத் தூக்கி வெளியே வைப்பதும், திரும்பி வந்ததும் உள்ளே வைப்பதுமாக ஓராண்டு கழிந்தது. பெட்டி தரைக்கு அடியில் போனால்தான் இந்தத் தொல்லை தீரும் என்று பட்டது. சிறிய ஹேட்ச்பேக் கார் என்பதால் டிக்கியில் ஒவ்வொரு அங்குலமும் முக்கியம். ஆனால் அதில் யாருக்கும் பயன்படாத இடம் ஒன்று இருந்தது. சாமான் ஏற்றும் விளிம்புக்கும் தரைக்கும் இடையில் 18 செ.மீ. பள்ளம். சூட்கேஸை விளிம்புக்கு மேல் தூக்கி, பிறகு அந்தப் பள்ளத்துக்குள் இறக்கி, எடுக்கும்போது மறுபடி மேலே தூக்க வேண்டியிருந்தது. அந்தப் பள்ளத்தை விளிம்பு மட்டத்துக்கு ஒரு தரையால் மூடினால் சாமானை நேராகத் தள்ளி ஏற்றிவிடலாம்; கீழே 10 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த தொனிகளுக்கான ஸ்பீக்கர்), அதற்கான ஆம்பிளிஃபையர் இரண்டும் உட்கார்ந்துகொள்ளும். வேலையின் திட்டம் முழுவதும் இவ்வளவுதான்.

முதல் தவறு அளவெடுப்பிலேயே நிகழ்ந்தது. பின்னிருக்கையின் முதுகு செங்குத்தாக நிற்பதில்லை. மேலே போகப் போக டிக்கிக்குள் சாய்ந்து வருகிறது. நான் தரையில் அட்டையை விரித்து வடிவத்தை எடுத்தேன். அங்கே இருக்கையிலிருந்து பின்விளிம்பு வரை 72 செ.மீ. இருந்தது. அந்த அளவுக்கு வெட்டிய பலகையை 17.5 செ.மீ. உயரத்தில் வைத்தபோது அது இருக்கையில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த உயரத்தில் உண்மையான ஆழம் 66 செ.மீ. மட்டுமே. ஒரு முழுப் பலகை வீணானது. மேல்தரையின் வடிவத்தை மேல்தரை வரப்போகும் உயரத்திலேயே எடுக்க வேண்டும் என்பது எழுதிப் பார்த்தால் அற்பமாகத் தெரிகிறது. டிக்கிக்குள் குனிந்துகொண்டிருக்கும்போது அது தோன்றவில்லை.

இரண்டாம் முறை, பழைய புத்தகக் கட்டுகளை அடுக்கி, அதன் மேல் பெரிய அட்டை ஒன்றைச் சரியாக 17.5 செ.மீ. உயரத்தில் அசையாமல் ஒட்டினேன். சக்கர வளைவுகளின் வடிவத்தைப் பதிவு செய்ய, படகு கட்டுபவர்கள் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று கைகொடுத்தது. சுமார் 40 செ.மீ. நீளமுள்ள மெல்லிய மரப்பட்டை ஒன்றின் ஒரு முனையைக் கூராகச் சீவி, அதன் ஓரத்தில் ஒரு சிறு காடி வெட்டிக்கொள்ள வேண்டும். கூர்முனையைச் சுவரில் ஒரு புள்ளியில் தொடவைத்து, அட்டையின் மேல் கிடக்கும் பட்டையின் ஓரத்தையும் காடியின் இடத்தையும் பென்சிலால் வரைந்துகொள்ள வேண்டும். இப்படி 3 செ.மீ.க்கு ஒரு புள்ளியாகச் சுற்றிலும் வரைந்த பிறகு, அட்டையை எடுத்துப் பிளைவுட்டின் மேல் ஒட்டி, ஒவ்வொரு கோட்டின் மீதும் பட்டையை மறுபடி அதே நிலையில் வைத்தால், கூர்முனை நிற்கும் இடமெல்லாம் சுவர் இருந்த இடம். எண் எதையும் படிக்க வேண்டியதில்லை என்பதே இந்த முறையின் சிறப்பு. எண்ணைத் தவறாகப் படிக்கும் வாய்ப்பும் அதனால் இல்லை. வளைவின் கூர்மையான திருப்பங்களில் மட்டும் புள்ளிகளை 1 செ.மீ. இடைவெளிக்கு நெருக்கினேன்.

பிளைவுட்டா, மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையா என்ற கேள்வியில் எனக்கு அதிகத் தயக்கம் இருக்கவில்லை. எம்டிஎஃப் அடர்த்தி சீரானது, வெட்டும்போது விளிம்பு பிசிறாது, ஒலிப்பெட்டிக்கு அதைப் பலரும் விரும்புவது சரியே. ஆனால் அது கன மீட்டருக்கு ஏறத்தாழ 750 கிலோ எடை கொண்டது. விளிம்பில் ஈரம் ஏறினால் ஊதிப் பிளந்துவிடும். விளிம்பில் முடுக்கிய திருகாணியை நம்ப முடியாது. டிக்கி என்பது நனைந்த குடையும் சேறு படிந்த காலணியும் வந்து விழும் இடம். எனவே பெட்டிக்கு 18 மி.மீ., தரைக்கு 12 மி.மீ. என்று நீர் தாங்கும் பிளைவுட்டையே எடுத்துக்கொண்டேன். வாங்கும்போது ஒவ்வொரு தாளையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். உள் அடுக்கில் பொந்து இருக்கும் இடத்தில் ஒலி சட்டென்று தளர்ந்து ‘டொக்’ என்று கேட்கும். தரையில் அது ஒரு பொருட்டல்ல; ஒலிப்பெட்டியின் சுவரில் இருந்தால் அந்தப் பொந்தே அதிர்ந்து இரைச்சல் எழுப்பும்.

அடுத்து உயரக் கணக்கு. 18 செ.மீ. என்பது தாராளமாகத் தோன்றினாலும், ஒவ்வொரு அடுக்காகக் கழித்துக்கொண்டு வரும்போது அது எங்கே போகிறது என்றே தெரிவதில்லை. சாமான் தடையின்றி வழுக்க, தரையின் மேற்பரப்பு விளிம்புக்கு 5 மி.மீ. கீழே இருக்க வேண்டும், மீதி 17.5 செ.மீ. பலகை 1.2, கார்ப்பெட் 0.4 போக 15.9 செ.மீ. பெட்டியின் வெளி உயரம் 14.2 என்று வைத்தால், பெட்டியின் மேற்பரப்புக்கும் தரைப்பலகையின் அடிப்பக்கத்துக்கும் இடையில் 1.7 செ.மீ. மிஞ்சுகிறது. ஸ்பீக்கரைப் பாதுகாக்கும் இரும்பு வலையைப் பலகையின் மேற்பரப்போடு சமமாகப் பதித்தால், பெட்டியின் மேற்பரப்பிலிருந்து வலை வரை 2.9 செ.மீ. ஸ்பீக்கரின் விளிம்பும் ரப்பர் வளையமும் 1.6 செ.மீ. எழும்பி நிற்கின்றன, உச்ச ஒலியில் கூம்பு மேலும் 1 செ.மீ. முன்னால் வருகிறது. எஞ்சுவது 3 மி.மீ. காகிதத்தில் இது போதும். வலையின் மேல் கனமான சூட்கேஸ் ஒன்று உட்கார்ந்தால் போதாது. எனவே ஸ்பீக்கரின் விளிம்பு உட்காரும் இடத்தை ரூட்டர் என்ற மரம் குடையும் கருவியால் 6 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்து அதைக் கீழே இறக்கினேன். வலைக்கு அடியில் 3 மி.மீ. தடிமனுள்ள இரண்டு இரும்புப் பட்டைகளைக் குறுக்காகக் கொடுத்த பிறகும் 6 மி.மீ. இடைவெளி கிடைத்தது.

பெட்டி சீல் செய்யப்பட்ட வகை, அதாவது காற்றுத் துளை இல்லாமல் முழுக்க மூடியது. ஆழம் குறைந்த அமைப்புள்ள ஸ்பீக்கர் என்பதால், உள் உயரம் 10.6 செ.மீ. ஆக இருந்தும் காந்தத்துக்குப் பின்னால் 3 செ.மீ.க்குச் சற்று மேல் காற்றிடம் இருந்தது. பெட்டியின் முன்சுவரை இருக்கையின் சாய்வுக்கு இணையாகச் சாய்த்து, அடியில் 34 செ.மீ., மேலே 29 செ.மீ. ஆழம் என்று அமைத்தேன். முதல் பலகையை வீணாக்கிய அதே சாய்வு இங்கே சில லிட்டர் கொள்ளளவைத் திருப்பிக் கொடுத்தது. உள் நீளம் 92.4, சராசரி உள் ஆழம் 27.8, உள் உயரம் 10.6 என்று பெருக்கினால் 27 லிட்டர். குறுக்குத் தாங்கிகள் இரண்டும் ஸ்பீக்கரின் பின்பகுதியும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் 25 லிட்டர். 10 அங்குல ஸ்பீக்கருக்குச் சீல் பெட்டியில் இது வசதியான அளவு. நீளமான, தட்டையான பெட்டிக்குக் குறுக்குத் தாங்கிகள் இல்லாமல் விடக்கூடாது. 92 செ.மீ. நீளப் பலகை தாங்கல் எதுவும் இல்லாமல் இருந்தால் ஸ்பீக்கரோடு சேர்ந்து அதுவும் மூச்சு விடத் தொடங்கிவிடும்.

ஒட்டுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரப்பசை, 15 செ.மீ.க்கு ஒரு திருகாணி, உள்மூலைகளில் சிலிக்கோன், ஒரு முழு நாள் காத்திருப்பு. ஸ்பீக்கரை மாட்டியதும் கூம்பை விரல்களால் மெதுவாக அழுத்திவிட்டால், அது உடனே துள்ளி வராமல் தயங்கித் தயங்கி மேலே வர வேண்டும். காற்று எங்கும் வேகமாகக் கசியவில்லை என்பதற்கு அது அடையாளம். எனது பெட்டியில் அது தயங்காமல் வந்தது. 30 ஹெர்ட்ஸ் தொனியை மெல்ல ஒலிக்கவிட்டு இணைப்புகளின் மேல் உள்ளங்கையை நகர்த்திக்கொண்டே போனபோது, ஒயர் இணைப்புக் கிண்ணத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குக் காற்று அடித்தது. கிண்ணத்துக்கு அடியில் ஃபோம் பட்டை ஒட்டியதும் சரியானது.

இனி ஸ்டெப்னி விவகாரம். முதல் வடிவத்தில் பெட்டியை, ஸ்டெப்னியை மூடியிருக்கும் அடிப்பலகையோடு திருகாணியால் இறுக்கி, ஆம்பிளிஃபையரை அதே அடிப்பலகையின் மேல் பதித்து, எல்லாவற்றின் மேலும் ஒரே பலகையை 14 திருகாணிகளால் பூட்டியிருந்தேன். பார்ப்பதற்குக் கச்சிதமாக இருந்தது. ஒரு மாலைப் பொழுதில் சாலையோரத்தில் டயர் பஞ்சராகி, சாமான்களை எல்லாம் இறக்கி, கைபேசி வெளிச்சத்தில் கார்ப்பெட்டுக்குள் புதைந்திருந்த திருகாணிகளைத் தேடிக் கழற்றியபோதுதான், ஜாக்கியும் சக்கரச் சாவியும்கூடப் பெட்டிக்கு அடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. ஸ்டெப்னி வெளியே வர 25 நிமிடங்களுக்கு மேல் ஆனது. மறுநாளே எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வரைந்த அமைப்பில் ஸ்டெப்னியே முதல் விதி: எந்தக் கருவியும் இல்லாமல், வெறும் கையால், 5 நிமிடத்துக்குள் அது வெளியே வர வேண்டும். இதற்கு எதிராக நின்றது பாதுகாப்பு. ஸ்பீக்கரோடு சேர்த்துப் பெட்டியின் எடை 15 கிலோ. மோதலில் வேகம் புவியீர்ப்பின் 20 மடங்கு அளவுக்குத் திடீரென்று குறைந்தால், அந்தப் பெட்டி 300 கிலோ எடை அளவு விசையோடு பின்னிருக்கையை நோக்கி வரும். ஆகவே வெறும் வெல்க்ரோவில் பெட்டியை நிறுத்த மனம் ஒப்பவில்லை. டிக்கியின் தகட்டில் புதிய துளை போடுவதற்கும் விருப்பம் இல்லை. தகட்டுக்கு மறுபுறம் எரிபொருள் தொட்டியோ பிரேக் குழாயோ புகைபோக்கியோ இருக்கலாம் என்பதோடு, துளையிட்ட இடத்தில் துருவும் பிடிக்கும்.

காரிலேயே சாமான் கட்டுவதற்காக நான்கு கொக்கிகள், தகட்டோடு பற்றவைத்த நட்டுகளில் முடுக்கப்பட்டிருந்தன. இடதுபுறக் கொக்கிகள் இரண்டையும் இணைத்து ஒன்று, வலதுபுறக் கொக்கிகளை இணைத்து ஒன்று என 4 மி.மீ. தடிமனுள்ள இரும்புப் பட்டைகளை அடிப்பலகைக்குக் கீழே ஓடவிட்டு, அதே போல்ட்டுகளால் இறுக்கினேன். ஒவ்வொரு பட்டையிலும் இருக்கைப் பக்கம் ஒரு நாக்கு வளைந்து நிற்கிறது. பெட்டியின் முன்னடியில் உள்ள இரும்பு உதடு அதற்குக் கீழே போய்ச் செருகிக்கொள்கிறது. பின்பக்கம் கைப்பிடித் தலை கொண்ட இரண்டு எம்8 (8 மி.மீ.) போல்ட்டுகள். பின்தரையைத் தூக்கி, ஒயர் இணைப்பை உருவி, இரண்டு போல்ட்டுகளையும் கையால் சுழற்றி எடுத்து, பெட்டியின் பின்புறத்தைச் சற்று உயர்த்தி இழுத்தால் அது வந்துவிடும். பிறகு அடிப்பலகையை நிமிர்த்தினால் ஸ்டெப்னி. கடிகாரத்தை வைத்து மூன்று முறை செய்து பார்த்தேன். சாமான் இறக்கும் நேரம் நீங்கலாக 4 நிமிடம். ஜாக்கியும் சக்கரச் சாவியும் இப்போது பின்தரைக்கு நேர் கீழே, பெட்டியைத் தொடாமலே எட்டும் இடத்தில் இருக்கின்றன.

ஆம்பிளிஃபையரை அடிப்பலகையிலிருந்து விடுவிக்க வேண்டியிருந்தது. சக்கர வளைவுக்குப் பின்னால், பக்கத்துக்கு 7 செ.மீ. அகலத்தில் ஒரு பொந்து போன்ற இடம் இருந்தது. 5 செ.மீ. தடிமனுள்ள டி வகுப்பு (குறைவாகச் சூடாகும் வகை) ஆம்பிளிஃபையர் அதில் செங்குத்தாக, வெப்பச் செதில்கள் மேல்நோக்கி நிற்கும்படி பொருந்தியது. செதில்கள் செங்குத்தாக நிற்கும்போது சூடான காற்று தானே மேலெழுந்து வெளியேறும். படுக்கவைத்து மேலே பலகையை மூடினால் அதே காற்று அங்கேயே தேங்கும். 300 வாட் தரும் ஆம்பிளிஃபையர் 80 சதவீதத் திறனில் இயங்கினால் உச்சத்தில் ஏறத்தாழ 75 வாட் வெப்பமாகிறது. இசையின் சராசரி அதைவிட மிகக் குறைவு. அதற்கு மேலே வரும் சிறு பலகையில் 12 செ.மீ. நீளப் பிளவு ஒன்று வெட்டினேன். ஒரு மணி நேரம் உரக்க ஒலிக்கவிட்ட பின் செதில்களின் மேல் கையை வைத்துக்கொண்டிருக்க முடிந்தது.

மேல்தரை மூன்று துண்டுகளாகப் பிரிந்ததற்கும் இந்தப் பொந்துகளே காரணம். சக்கர வளைவுகளுக்கு இடையில் 98 செ.மீ. அகலமும் அதற்குப் பின்னால் 112 செ.மீ. அகலமும் உள்ள பலகையை எப்படிச் சாய்த்தாலும் கதவின் வழியாக உள்ளே கொண்டுபோக முடியவில்லை. கொண்டுபோனபோது கதவு ரப்பரைக் கிழித்தது. பெட்டியின் மேல் 28 செ.மீ. ஆழத்தில் நிலையான முன்துண்டு, அதற்குப் பின் தூக்கக்கூடிய 38 செ.மீ. நடுத்துண்டு (மேலே பின்தரை என்று சொன்னது), இரண்டு பக்கங்களிலும் காது போன்ற சிறு துண்டுகள் என்று வைத்தபின் (காதுகள் இரண்டையும் ஒரே துண்டாக எண்ணிக்கொள்வது என் வழக்கம்) எல்லாம் தடையின்றி உள்ளே போயின. நடுத்துண்டின் முன்னோரம் பெட்டியின் பின்சுவரில் பதித்த சட்டத்தின் மேலும், பின்னோரம் விளிம்பை ஒட்டிய சட்டத்தின் மேலும் உட்காருவதால், 12 மி.மீ. பலகையே என் எடையை முழங்காலில் தாங்குகிறது.

கார்ப்பெட் ஒட்டும்போது இரண்டாவது அளவுத் தவறு வெளிப்பட்டது. 4 மி.மீ. கார்ப்பெட் பலகையின் விளிம்பைச் சுற்றி மடிந்தால், பலகை இரு பக்கமும் சேர்த்து 8 மி.மீ. அகலமாகிவிடும். இறுக்கமாகப் பொருந்தும்படி வெட்டியிருந்த என் பலகைகள் கார்ப்பெட்டுக்குப் பிறகு இறங்க மறுத்தன. ஒட்டியதை உரித்து, இழைப்புளியால் ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. சீவி, புதிய கார்ப்பெட்டை ஒட்டினேன். ஒட்டும் பசையை இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்; அவசரப்பட்டால் ஈரப்பசை கார்ப்பெட்டின் மேற்பரப்பு வரை ஊறிக் கறையாகிவிடும்.

மின் இணைப்பில் பாதி நேரத்தைத் தின்றது ஒயர்தான். தடிமனான உறையோடு வந்த முதல் ஒயரின் இழை ஒன்றைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தபோது, செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளி வெளுப்பு தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. அதை ஒதுக்கிவிட்டு, 16 சதுர மி.மீ. முழுச் செம்பு ஒயரை இழுத்தேன். 300 வாட்டுக்கு 13.8 வோல்ட்டில் சுமார் 27 ஆம்பியர் வேண்டும்; 5.5 மீட்டர் நீளத்தில் இந்த ஒயர் இழப்பது 0.16 வோல்ட் மட்டும். பேட்டரியிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் 40 ஆம்பியர் ஃபியூஸ். இந்த ஃபியூஸ் ஆம்பிளிஃபையருக்காக அல்ல, ஒயருக்காக. வழியில் எங்காவது உறை தேய்ந்து தகட்டைத் தொட்டால், ஃபியூஸுக்கு முந்தைய பகுதியைக் காப்பாற்ற எதுவும் இல்லை. அதனால்தான் அது பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். தகட்டைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். மின் ஒயர் காரின் வலப்பக்கமும், ஒலிச் சமிக்ஞையைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள் இடப்பக்கமும் போகின்றன.

இவ்வளவும் செய்தபின் எஞ்சினை இயக்கியதும், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க உயரும் ஒரு முனகல் ஸ்பீக்கரில் கேட்டது. எர்த் ஒயரை டிக்கியின் பக்கத்தில் ஒரு போல்ட்டில் இறுக்கியிருந்தேன். ஒயர் முனையின் உலோக வளையமான லக்கின் கீழே இருந்த பெயின்ட்டைச் சுரண்டாமல் விட்டிருந்தேன். மல்டிமீட்டரின் ஓம் அளவு 0.2 என்று காட்டி நம்பவைத்தது. அந்த அளவில் மீட்டரின் சொந்த ஒயர்களின் தடையே அவ்வளவு இருக்கும். அதைவிட நம்பகமானது, இசை உரக்க ஒலிக்கும்போது ஆம்பிளிஃபையரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இடையிலான வோல்ட்டை அளப்பது. அது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. உப்புத்தாளால் நாணய அளவுக்குத் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷரோடு இறுக்கி, மேலே பெயின்ட் பூசியதும் அது 0.1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது, முனகலும் நின்றது. இருக்கை பெல்ட்டின் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு; உயிர் காக்கும் போல்ட்டில் நான் கை வைப்பதில்லை.

ஆம்பிளிஃபையரின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) அமைக்க, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் தொனியை ஒலிக்கச் செய்து, மல்டிமீட்டரில் ஏசி வோல்ட்டைப் பார்த்தேன். ஸ்பீக்கரின் 2 ஓம் தடையில் 300 வாட் என்றால் 600இன் வர்க்கமூலம், அதாவது 24.5 வோல்ட். நான் 22இல் நிறுத்திக்கொண்டேன்.

கடைசியாக வந்தது கிறீச்சொலி. இசை ஓடும்போது எதுவும் தெரியாது. இசையை நிறுத்தி வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் பின்னால் பழைய கட்டில் போல ஓர் ஓசை. பிளைவுட் பிளைவுட்டின் மேல் உராயும் எல்லா இடங்களிலும் கம்பளிப் பட்டை ஒட்டியதில் அது பெரும்பாலும் மறைந்தது. எஞ்சியதைக் கண்டுபிடிக்க, 30இலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் தொனியை ஒலிக்கவிட்டு, ஒருவரை முன்னிருக்கையில் அமர்த்திவிட்டு, ஒவ்வொரு பொருளாகக் கையால் அழுத்திப் பார்த்தேன். 42 ஹெர்ட்ஸில் நம்பர் பிளேட் நடுங்கியது. அதன் பின்னால் இரண்டு ஃபோம் துண்டுகள் போதுமாயின. 55 ஹெர்ட்ஸில் கேட்ட கடகடப்பு இரண்டு நாள் அலைக்கழித்தது. தரையை, பெட்டியை, கதவின் உள்தகட்டைச் சந்தேகித்து முடித்தபின், ஓசை ஜாக்கியின் திருகுத் தண்டிலிருந்து வருவது தெரிந்தது. ஜாக்கியைப் பழைய துண்டு ஒன்றில் சுற்றி, பட்டையால் கட்டி, அதன் இடத்தில் திரும்ப வைத்தேன்.

இடது காதுக்கும் சக்கர வளைவுக்கும் இடையில் இன்னும் 3 மி.மீ. இடைவெளி தெரிகிறது. அந்தத் துண்டுக்கு அட்டையில் புதிய வடிவம் எடுத்து வைத்திருக்கிறேன். மிச்சப் பிளைவுட்டில் அதற்கு வேண்டிய அளவு இருக்கிறது.